உட்கார்ந்து பார்க்காத நீல வண்டி

2019ஆம் ஆண்டு ஆகஸ்ட் 17, சனிக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய தூறல், கடை திறக்கும் வேளைக்குள் ஓய்ந்தது. அதன்பின் நாள் முழுவதும் வானம், நனைத்துப் பிழிந்து உலர்த்திய சாம்பல் நிறத் துணியைப் போல விரிந்து கிடந்தது. வெயிலும் இல்லை; மழையும் இல்லை.

மோட்டார் சைக்கிள் என்பது இரண்டு சக்கரங்களும் ஓர் எஞ்சினும் உடைய ஊர்தியாகும். அது ஓடும்போது தானாகவே நிமிர்ந்து செல்லும். நிற்கும்போதோ, யாரேனும் தாங்காவிடில் சாய்ந்து விழும். இவ்விரண்டாவது இயல்பே எங்கள் வீட்டில் பல மாத காலம் வாதத்திற்குரிய பொருளாக விளங்கியது.

எங்களுடையது தையற்குடும்பம். என் தந்தை சட்டை தைப்பதில் வல்லவர். அவருடைய தம்பியாகிய என் சித்தப்பா கால்சட்டை தைப்பதில் வல்லவர். மகளாகிய நான் காலர் தைப்பேன், கை பொருத்துவேன். அம்மா வீட்டிலிருந்தபடியே பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துப் பொத்தான் கட்டுவாள். எனக்கு வயது இருபத்திரண்டு. உயரம் குறைவாகையால், சிறுவயதில் சித்தப்பா வைத்த ‘நூல்கண்டு’ என்னும் பெயரே கடையிலும் தெருவிலும் நிலைத்துவிட்டது. என் உண்மைப் பெயரைச் சொன்னால் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர், அது யார் என்று விழிப்பார்கள்.

எங்கள் கடைக்கு ஒரு தனிச்சிறப்பு உண்டு. அங்கே உடுத்திப் பார்க்கும் அறை கிடையாது. முகம் பார்க்கும் கண்ணாடியும் கிடையாது. ஒருமுறை அளவெடுத்தால் எடுத்ததுதான். வாடிக்கையாளர் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போக வேண்டும். புதிதாக வருபவர் யாரேனும் போட்டுப் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று வாய் திறந்தால், அப்பா அதைத் தம் கன்னத்தில் விழுந்த அறையாகவே எடுத்துக்கொள்வார். வீட்டிலும் இதே சட்டம்தான். செருப்பைக் கூட நாங்கள் கடையில் போட்டு நடந்து பார்த்ததில்லை. அப்பா பாதத்தை அளப்பார், செருப்பை அளப்பார், தலையை அசைப்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். சில சமயம் கடிக்கும். கடித்தால் கால்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் குடும்பக் கொள்கை.

என் தையல் இயந்திரத்தின் கழுத்தில் ஒரு சிறு விளக்கு உண்டு. அது பகலிலும் எரியும். அதன் ஒளி உள்ளங்கை அகலத்திற்குத் துணியின் மேல் விழும். மோட்டாரை மிதித்ததும் துணி நகரத் தொடங்கும். ஆனால் துணி நகர்கிறது என்று நான் ஒருபோதும் எண்ணியதில்லை. நானே நகர்கிறேன் என்றுதான் எண்ணிக்கொள்வேன். வெள்ளைத் துணி, பனி மூடிய சமவெளி. கோடு போட்ட துணி, மின்கம்பங்கள் வரிசையாக நிற்கும் நெடுஞ்சாலை. கரும்பச்சைத் துணி வந்துவிட்டால் காட்டுக்குள் நுழைந்துவிடுவேன். அங்கே ஊசியின் ஓசை மட்டுமே கேட்கும். காலரின் முனை, மலைப்பாதையின் திருப்பம். அங்கே வேகத்தைக் குறைத்து, உடலை ஒரு பக்கமாகச் சாய்த்து, திருப்பம் முடிந்ததும் நிமிர வேண்டும். ஒருநாள் சித்தப்பா இதைக் கண்டுவிட்டார்.

“காலர் தைக்கிறதுக்கு எதுக்கு இப்படிச் சாயுற? கழுத்து சுளுக்கிக்கிச்சா?”

மலைப்பாதையிலிருந்து திடீரென்று இறங்கி வந்து பேசுவது எளிதன்று.

அந்த நீல வண்டியை நான் முதன்முதலில் கண்டது, தைத்த துணிகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிய ஒரு மாலையில். பெரிய சாலையின் திருப்பத்தில் ஷோரூம் ஒன்று உள்ளது. அதன் கண்ணாடிச் சுவருக்கு உள்ளே, விளக்கொளியில் வண்டிகள் அனைத்தும், நீருக்கடியில் அசையாமல் உறங்கும் மீன்களைப் போல நின்றிருந்தன. அவற்றுள் ஒன்று மட்டும் ஒல்லியாக, உயரமாக, தலையைச் சற்றே தூக்கிக்கொண்டு, விழித்திருப்பதைப் போலத் தோன்றியது. அதன் நீலம், எங்கள் கடையின் எந்தத் துணிக்கட்டிலும் நான் காணாத நீலம். அன்றிலிருந்து நான் வீடு திரும்பும் வழி அதுவாயிற்று. கண்ணாடிக்கு வெளியே நிற்பேன். என் நிழல் கண்ணாடியில் விழுந்து, வண்டியின் மேல் சரியாக அமர்ந்திருக்கும். அதுவே எனக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே சென்று ஒருமுறை உட்கார்ந்து பார்க்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை என்றால் நீங்கள் நம்ப வேண்டும். நான் எங்கள் தையற்கடையில் பிறந்து வளர்ந்தவள்.

இதற்கிடையே பயிற்சிப் பள்ளியின் பழைய வண்டியில் ஓட்டக் கற்று, ஓட்டுநர் உரிமமும் பெற்றேன். வீடு வீடாகத் துணி கொண்டுசேர்க்க ஒரு வண்டி தேவை என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு இல்லை. எந்த வண்டி என்பதில்தான் இருந்தது. அப்பாவுக்கு மோட்டார் சைக்கிள் என்றாலே அச்சம். சிக்னலில் நின்ற வண்டி சாய்ந்து ஒருவர் கால் அகப்பட்டுக்கொண்டதை அவர் கடை வாசலிலிருந்து நேரில் பார்த்தவர். ஆதலால் அவர் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

“ரெண்டு காலும் முழுசா தரையில ஊனணும். குதிகால் தூக்குச்சுன்னா அந்தப் பேச்சே வேணாம். ஸ்கூட்டர்தான்.”

திங்கட்கிழமை முதல் பள்ளிச் சீருடைகள் வந்து குவியும். அதன்பின் அப்பாவும் சித்தப்பாவும் இயந்திரத்தை விட்டுத் தலை நிமிர மாட்டார்கள். எதை வாங்குவதாயினும் இச்சனிக்கிழமையே என்று முடிவாயிற்று. எனவே பிற்பகலில் கடையை அடைத்துவிட்டு மூவரும் புறப்பட்டோம். அப்பாவின் கழுத்தில் டேப் தொங்கியது. மறதியா, ஆயத்தமா என்று நான் கேட்கவில்லை.

ஷோரூமில் எங்களை வரவேற்ற விற்பனையாளர் என்னைவிடச் சற்றே மூத்தவராக இருப்பார். சித்தப்பாவின் கண் முதலில் சென்றது அவருடைய சட்டைக்குத்தான். தோள் தையல் முழங்கைக்குப் பாதி வழி வந்திருந்தது.

“தம்பி, இது உங்க சட்டையா, உங்க மேனேஜர் சட்டையா?”

எல்லாருக்கும் ஒரே அளவில் கம்பெனி கொடுத்தது என்று அவர் சிரித்துக்கொண்டே கூறினார். அப்பா அவரை உண்மையான இரக்கத்தோடு நோக்கினார்.

நான் நீல வண்டியின் அருகே சென்று நின்றேன். கண்ணாடிச் சுவர் இல்லாமல் அதை அவ்வளவு நெருக்கத்தில் காண்பது, நெடுநாள் கடிதம் எழுதிய ஒருவரை முதன்முதலாக நேரில் காண்பதைப் போல இருந்தது. அதன் பெட்ரோல் டாங்கியில் விளக்குகள் மிதந்தன. அவற்றுக்கு நடுவே என் முகமும் சிறிதாக மிதந்தது. அப்பா குனிந்தார். தரையிலிருந்து சீட்டு வரை டேப்பைப் பிடித்தார். என் கால் அளவு அவருக்கு மனப்பாடம். என் கால்சட்டைகளுக்கு அளவு சொல்பவர் அவரே.

“நூல்கண்டுக்கு இது எட்டாதுப்பா” என்று சித்தப்பாவிடம் கூறினார்.

என் உள்ளம் நூல் அறுந்த ஊசியைப் போல வெறுமனே ஓடிற்று. விற்பனையாளர் குறுக்கிட்டு, மேடம் ஒருமுறை உட்கார்ந்து பார்க்கட்டுமே என்றார். அப்பாவின் முகம் சுருங்கியது. அளந்த பிறகு உட்கார்ந்து பார்ப்பது, அளந்தவனை நம்பாமைக்குச் சமம் என்பதை அவர் மரியாதை குறையாமல், ஆனால் நீண்ட நேரம் விளக்கினார். உள்ளே காத்திருந்த வேறொரு குடும்பமும் அதைக் கேட்டது.

அடுத்து ஒரு கறுப்பு வண்டியை அளந்தார். அது தாழ்வானது, பருமனானது, மெத்தை போன்ற அகன்ற சீட்டை உடையது. டேப் அதற்கு இசைந்தது. இரண்டு விரல் மிச்சமும் இருந்தது. சித்தப்பா அதன் சீட்டைத் தட்டிப் பார்த்து, அளவெடுத்துத் தைத்தது போல இருக்கிறது என்று பாராட்டினார். நான் கறுப்பு வண்டியில் செல்லும் சாலைகளைக் கற்பனை செய்ய முயன்றேன். எல்லாச் சாலைகளும் எங்கள் தெருவின் முனையிலேயே முடிந்துவிட்டன.

அப்பா கறுப்பையே முடிவு செய்தார். நானும் டேப்பை நம்புகிறவளே. விற்பனையாளர் பக்கக் கண்ணாடிகளைத் திருப்பி அமைப்பதற்காக என்னை ஏறி அமரச் சொன்னார். இது உட்கார்ந்து பார்ப்பதாகாது, கண்ணாடி பொருத்துவதே ஆகும் என்பதால் அப்பா தடுக்கவில்லை. நான் ஏறினேன்; வண்டியை நிமிர்த்தினேன். என் கால்கள் இரு பக்கமும் அகன்று, தரையைத் தேடிப் போயின. கட்டை விரல்கள் மட்டுமே அதைத் தொட்டன. வண்டி மெல்ல, மிக மெல்ல, உறக்கத்தில் புரண்டு படுக்கும் யானையைப் போல இடப்பக்கம் சாயத் தொடங்கியது. சித்தப்பா பாய்ந்து ஹேண்டிலைப் பிடித்தார். விற்பனையாளர் பின்புறத்தைப் பிடித்தார். அப்பா என்னைப் பிடித்தார்.

அப்பா மீண்டும் அளந்தார். டேப் முன்பு சொன்னதையே சொன்னது. அவர் டேப்பைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். இத்தனை ஆண்டுகளாக ஒத்துப்போன இரண்டு சாட்சிகள் முதன்முறையாக மாறிச் சொன்னதைக் கேட்ட நீதிபதியைப் போல நின்றார். விடையைக் கண்டறிந்தவர் கால்சட்டை வல்லுநராகிய சித்தப்பாவே.

“அண்ணே, நம்ம பேக்கரிக்காரர் பேண்ட்டு ஞாபகம் இருக்கா? இடுப்பு பெருத்ததும் நீளம் பத்தாமப் போச்சே. இதுவும் அதேதான். சீட்டு அகலம் காலைத் தின்னுடுச்சு.”

அப்பா நெடுநேரம் கறுப்புச் சீட்டின் அகலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு டேப்பைச் சுருட்டினார். தாழ்வான வண்டிக்கே இக்கதி என்றால் மோட்டார் சைக்கிள் நமக்கு ஆகாது என்று கூறி, ஸ்கூட்டர்கள் நிற்கும் பக்கம் எங்கே என்று விற்பனையாளரை வினவினார். அவர் குரலில் கோபம் இல்லை, நிம்மதி இருந்தது. அந்த நிம்மதிதான் என்னை அச்சுறுத்தியது.

அவர் திரும்பி நடக்கத் தொடங்கியபோது, நான் எங்கள் குடும்பத்தில் யாரும் இதுவரை சொல்லாத ஒன்றைச் சொன்னேன்.

“அப்பா, நீலத்துல நான் உட்கார்ந்து பாக்குறேன்.”

அவர் நின்றார்.

“அதுதான் அளந்தாச்சே.”

“இதையும்தான் அளந்தீங்க.”

சித்தப்பா மேற்கூரையை ஆராய்ந்தார். இச்சொல் எவ்வளவு கூர்மையானது என்பது வெளிவந்த பின்னரே எனக்கு விளங்கியது. அப்பா தடுக்கவில்லை. பக்கத்தில் வந்து, நீல வண்டியின் ஹேண்டிலை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டார். அளவு பிழைத்ததற்காக அன்று, நான் விழுந்துவிடுவேனோ என்றே அப்படிப் பிடித்தார்.

நான் ஏறி அமர்ந்தேன். உயரமான அந்த வண்டி, பெருமூச்சு விடுவதைப் போல என் எடைக்குக் கீழே மெதுவாக அமிழ்ந்தது. இந்த அமிழ்தலை எந்த டேப்பும் அறியாது. ஒல்லியான சீட்டின் இரு பக்கமும் என் கால்கள் நேராகத் தொங்கித் தரையைச் சேர்ந்தன. பாதங்களின் முன்பாதி நன்றாக ஊன்றியது. குதிகால்கள் மட்டும் தரையைத் தொடவில்லை. அப்பா ஹேண்டிலைச் சித்தப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு, கால்சட்டையின் கீழ் மடிப்பைக் குறிக்க அமர்வதைப் போல முழந்தாளிட்டு அமர்ந்தார். என் குதிகாலுக்கும் தரைக்கும் நடுவே சுட்டுவிரலை நுழைத்தார். அது தாராளமாக நுழைந்தது.

“ஒரு விரல் தூக்குது” என்றார்.

நிபந்தனை நிபந்தனையே. நான் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கவில்லை. ஆனால் அந்த நீலம் என்னைவிட்டு விலகிச் சென்று, மீண்டும் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் நிற்கத் தொடங்கிவிட்டதாக உணர்ந்தேன். அப்போது விற்பனையாளர், பின்புற முற்றத்தில் இதே வண்டி இன்னொன்று இருப்பதாகவும், ஓட்டிப் பார்ப்பதற்கென்றே அதை வைத்திருப்பதாகவும் கூறினார்.

“பாக்குறதுக்குன்னே ஒண்ணா?” என்று அப்பா கேட்டார். ஆயினும் கேட்டுக்கொண்டே அவர் கால்கள் பின்வாசலை நோக்கி நடந்தன.

முற்றம் சிமெண்டுத் தரை. ஓரங்களில் காலைத் தூறலின் நீர் இன்னும் தேங்கியிருந்தது. ஹெல்மெட்டை மாட்டியதும் உலகின் ஓசைகள் பஞ்சுக்குள் சென்று அடங்கின. எஞ்சின் உயிர்பெற்றது. கிளட்சை மெல்ல விட்டேன். நான் நகர்ந்தேனா, முற்றம் நகர்ந்ததா என்று இன்றும் என்னால் உறுதியாகக் கூற இயலாது. தேங்கிய நீரில் சாம்பல் வானம் கிடந்தது. அதன் மேல் நான் சென்றேன். சுவர் வந்தது; சாய்ந்தேன்; சுவர் விலகிச் சென்றது. ஒருவரும் ஏன் சாய்கிறாய் என்று கேட்கவில்லை. இரண்டாம் சுற்றில், முற்றத்தின் நடுவே அப்பா வந்து நின்றார். என்னை நோக்கி வலக்கையை உயர்த்தினார். சிக்னல் விழுந்துவிட்டது என்பது எனக்குப் புரிந்தது.

பயிற்சிப் பள்ளியில் கற்றபடியே செய்தேன். வலது பாதம் பிரேக்கை மெல்ல அழுத்தியது. வேகம் குறைந்தது. வண்டி அவருக்கு ஓர் எட்டு முன்னால், என் இடப்பக்கமாகத் துளி சாய்ந்து நின்றது; இடது காலை இறக்கி ஊன்றினேன். வலது பாதம் பிரேக்கிலேயே இருந்தது. வண்டி அசையவில்லை. நானும் அசையவில்லை.

அப்பா அருகே வந்தார். மறுபடியும் ஈரத் தரையில் முழந்தாளிட்டார். என் இடது குதிகாலின் கீழே விரலை நுழைக்க முயன்றார். முடியவில்லை. பக்கவாட்டிலிருந்து முயன்றார். நகம் மட்டும் உரசியது. தள்ளி நின்ற சித்தப்பா அங்கிருந்தே, வலது காலின் கதி என்ன என்று கேட்டார்.

“அது பிரேக்குல இருக்கு” என்றார் அப்பா, எழாமலேயே. “நிக்கும்போது அங்கதான் இருக்கணும் போல. ரெண்டையும் கீழ ஊனச் சொன்னா அதை யாரு பிடிக்கிறது?”

பிறகு எழுந்து, முழங்காலில் ஒட்டிய ஈரத்தைத் தட்டிவிட்டு, ஹெல்மெட்டுக்குள் இருந்த என் முகத்தை முதன்முறையாக நோக்கினார்.

“இன்னொரு சுத்து போயிட்டு வா. நான் கையத் தூக்க மாட்டேன்.”

நான் போனேன். திரும்பி வந்தபோது அவர் விற்பனையாளரிடம், வண்டியை நீல நிறத்திலேயே எழுதிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது மணி மாலை ஐந்து பன்னிரண்டு.