பேங்குக்கு வந்த நோட்டீஸ்

டைல்ஸ் ஒட்டுகிற அந்த நாலு பேர் கூட்டத்தில் அவனுக்குப் பேர் 'பேங்கு'. வங்கிக் கணக்கு வைத்திருந்தவன் அவன் ஒருவன்தான். வேலை கொடுத்தவர்கள் எல்லோருடைய கூலியையும் அவன் கணக்கில் போட்டுவிடுவார்கள். அவன் எடுத்துவந்து ஆளுக்குப் பிரித்துக் கொடுப்பான். பட்டப்பெயர் வைத்தது அவன் தங்கை புருஷன். கூட்டத்தில் டைல்ஸ் கல்லை மெஷினில் அறுப்பவன். அந்தப் பெயரில் பேங்குக்கும் கொஞ்சம் மிதப்பு இருந்தது.

வரி ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்த அன்றைக்கு அது இறங்கிப்போனது. கணக்கில் விழுந்த அத்தனையும் அவன் ஒருத்தன் வருமானமாம்.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே உட்கார்ந்திருந்த வரி ஆலோசகரம்மாவிடம் ஓடினான்.

"எல்லாருக்கும் பிரிச்சுக் கொடுத்துட்டேம்மா. நான் வெறும் குழாய். தண்ணி வந்துச்சு, போச்சு."

"வந்தது தெரியுது. போனது தெரியலையே. கொடுத்ததுக்கு என்ன அத்தாட்சி?"

"மனசாட்சிதான்."

அந்தம்மா சிரிக்கவில்லை. "ஒவ்வொருத்தரும் இன்ன வேலைக்கு இவ்வளவு கூலி வாங்கினேன்னு எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பழைய தேதி போட்டு ஏமாத்தாதீங்க, போடற அன்னைக்குத் தேதியே இருக்கட்டும். அவங்க கூலி வாங்கின நாள் நீங்க பணம் எடுத்த நாளோட ஒத்துப்போனா பேசிப் பாக்கலாம். நாளைக்குள்ள வேணும்."

"இல்லேன்னா?"

"மொத்தத்துக்கும் நீங்கதான் வரி கட்டணும்."

கட்டினால், கல்லும் கருவியும் ஏற்றிப்போகிற அவன் வேனை விற்க வேண்டிவரும். வேன் இல்லாமல் வேலை இல்லை.

மறுநாள் வேலையிடத்தில் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஏற்கெனவே ஒட்டிய கல்லின் மேலேயே ரசமட்டத்தை வைத்து வைத்து மட்டம் பார்த்தான்.

"என்ன பேங்கு, கால்ல வெந்நீர ஊத்திக்கிட்ட மாதிரி தவிக்கிற?" என்றாள் கலவை போடும் அக்கா.

சொன்னான். அக்கா கையைத் துடைத்தாள். "கையெழுத்துப் போட்டா எனக்கும் நோட்டீஸ் வருமா?"

"உன் கூலிக்கு வரியே கிடையாதாம்க்கா. வரம்புக்குக் கீழயாம்."

"அட, அதுக்குக்கூட லாயக்கில்லையா நான்!" என்று கையெழுத்துப் போட்டாள். கல் இடுக்கில் சிமெண்ட் பூசும் நெட்டையனும் போட்டான்.

தங்கை புருஷன் மட்டும் மெஷினை நிறுத்தவில்லை. பேங்கு போய் பிளக்கைப் பிடுங்கினான்.

"மாப்ள, ஒரு கையெழுத்து."

"எனக்கு வேலை இல்லைன்னு எழுதிக் கொடுத்துதான் மச்சான் சர்க்கார் உதவிப்பணம் மணியார்டர்ல வாங்கறேன். உன் தங்கச்சி சொல்லலையா?"

அவள் சொல்லவில்லை.

"இதுல போட்டா அது நின்னுடும். வாங்கினதையும் திருப்பிக் கேப்பான். என் பங்கு வரிய நீயே கட்டிக்க. பேங்குதானே நீ?"

நெட்டையன் சிரித்துவிட்டு, பேங்கின் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான்.

சாயங்காலம் ஆலோசகரம்மா தாள்களைப் புரட்டினார். "கல் அறுக்கறவர் பங்கு உங்க தலையிலதான் நிக்கும்."

"வேன் தப்புமா?"

"தப்பலாம். உறுதி சொல்ல மாட்டேன். இனிமே யாருக்கும் சும்மா கையில கொடுக்காதீங்க. அவங்கவங்க கணக்குல போடுங்க. முடியலைன்னா, கொடுக்கும்போதே ரசீதுல கையெழுத்து. மச்சான்னாலும் சரி, மாமியார்னாலும் சரி."

அடுத்த கூலி நாளில் பேங்கு ரசீதை நீட்டினான். தங்கை புருஷன் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"அப்ப நாளையிலேருந்து வேலைக்கு வராத மாப்ள."

"இந்த வாரக் கூலி?"

"போட்டுட்டு வாங்கிக்க."

தங்கை புருஷன் முழங்காலில் கட்டியிருந்த துணிகளை அவிழ்த்து ஈரத் தரையில் வீசிவிட்டுப் போனான். அக்கா அவற்றை எடுத்து உதறி ஜன்னலில் காயப்போட்டாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. தங்கை. அடித்து ஓய்ந்து மறுபடி அடித்தது. எடுத்தான்.

"அண்ணே, உனக்கு வேண்டியது ஒரு கையெழுத்துதானே? கொண்டா, நான் போடறேன்."

"அது செல்லாது. வேலை செஞ்சது அவன்."

"விடியக்காலையில எந்திரிச்சு அவருக்குச் சோறு கட்டினது யாரு?"

"அதுக்கெல்லாம் ரசீது கிடையாதும்மா."

"ஓ" என்றாள். "அப்ப இந்த வாரம் அடுப்புல ரசீதையே போட்டு எரிக்கட்டுமா?"

பேங்கு மாப்பிள்ளையின் கூலிக் காசைச் சட்டைப்பையிலிருந்து எடுத்தான், திரும்ப வைத்தான், மறுபடி எடுத்தான். குழைத்த கலவை இறுகிக்கொண்டிருந்தது.

"இருக்கியாண்ணே?" என்றது போன்.