ஆந்தை குடியிருந்த கலியாண வீடு

என் மகள் சிபானாவுக்கென்று கட்டிய வீட்டில், அவளுக்கு முன்னால் ஓர் ஆந்தை குடிபுகுந்துவிட்டது.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அது நியாயமா என்று என்னிடம் கேட்காதீர்கள், கேட்டால் பொழுது சாயும்வரை பேசுவேன். கற்பிட்டிப் பக்கம் மாம்புரியில் எங்கள் பழைய வீட்டுக்குப் பக்கத்திலேயே, வெங்காயத் தோட்டத்தின் ஓரமாக, என் புருஷன் றவூப் வருஷக்கணக்காகச் சிறுகச் சிறுகக் கட்டிய வீடு அது. ஓடு போட்டு, நிலத்துக்கு டைல்ஸும் பதித்தாகிவிட்டது. உள்ளறைக்குச் சீலிங் அடிப்பதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, அறை மூலையில் சுவருக்கும் ஓட்டுக்கும் நடுவே ஒரு வெள்ளை ஆந்தை முட்டை போட்டுக் குஞ்சும் பொரித்துவிட்டது.

சீலிங் அடிக்க வந்த தச்சன் ஏணியில் பாதி ஏறினான். மேலேயிருந்து ஒரு முகம் அவனைப் பார்த்தது. வெற்றிலை வடிவத்தில் வெள்ளை முகம், அதில் இரண்டு கறுப்புக் கண். ஏறிய வேகத்திலேயே இறங்கினான்.

"பளீலா ராத்தா, இதுக்குக் கல்லெறிஞ்சா அந்தக் கல்லக் கொண்டுபோய்த் தண்ணிக்குள்ள போட்டு வைக்கும். கல்லு கரையக் கரைய எறிஞ்சவனும் கரைஞ்சு போவான்."

"உன்ன ஆர் கல்லெறியச் சொன்ன? சீலிங்க அடி."

"ஆணி அடிச்சாலும் அதே கணக்குத்தான்" என்று சொல்லிவிட்டு உளியும் சுத்தியலும் கிடந்த ஆயுதப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனவன், போனவன்தான்.

கலியாணம் பேசும் ஆசியா உம்மா அதற்கு மேல். ஆந்தை ஒரு தரம் கத்தினால் வீட்டில் மௌத்து, சாவு விழும், இரண்டு தரம் கத்தினால் நினைத்த காரியம் கைகூடும், மூன்று தரம் என்றால் வீட்டுக்குப் பெண் வரும், நான்கு தரம் என்றால் சண்டை என்று விரல் மடக்கிக் கணக்குச் சொன்னா. எங்கள் ஆந்தையோ எண்ணுகிற மாதிரிக் கத்துகிற சாதியே இல்லை. புதுச் சீலையை இரண்டாகக் கிழிப்பதுபோல ஒரே இழுவையாக இழுக்கும். கிழிகிற சீலையை எப்படி எண்ணுவது என்று கேட்டேன். "அதுதான் எல்லாத்தையும் விட மோசம்" என்றா ஆசியா உம்மா.

"ஆந்தையில சகுனம் இல்லயெண்டு நபி சொன்ன ஹதீஸே இரிக்கி" என்றார் றவூப்.

"எனக்கும் தெரியும். மாப்பிள்ளட உம்மாக்குத் தெரியுமா?"

என் கவலை அதுதான். குறிஞ்சிப்பிட்டியில் கருவாடு போடுகிற அலீமாவின் மகன் முஹ்ஸினைத்தான் சிபானாவுக்குப் பேசியிருந்தோம். தொண்ணூறாம் ஆண்டு துவக்கோடு வந்த இயக்கக்காரர் மன்னாரிலிருந்து முஸ்லிம்களை எழுப்பி அனுப்பியபோது, கைக்குழந்தை முஹ்ஸினோடு வள்ளத்தில் கற்பிட்டிக்கு வந்து இறங்கிய மனுஷி அலீமா. முஹ்ஸினுக்கு முன் வந்த இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. ஒன்றுக்கு எங்கள் காணி போதாது, மற்றதற்கு என் மகளின் நிறம் போதாது. முஹ்ஸினை மட்டும் சிபானாவுக்கே பிடித்திருந்தது. போனில் அவன் பெயரைப் பார்த்ததும் அவள் முகம் மலருவதை நான் ஒளிந்திருந்து பார்த்திருக்கிறேன். இந்த இடம் கைநழுவக் கூடாது என்று ஒவ்வொரு தொழுகையிலும் துஆ கேட்டேன். அப்படியிருக்க ஆசியா உம்மா ஒரு குண்டைப் போட்டா: குறிஞ்சிப்பிட்டியில் அலீமா வாங்கவிருந்த காணியில் கிணற்றுக்கட்டின் மேல் ஆந்தை குந்தியிருந்ததாம், உடனே அந்தக் காணியே வேண்டாமென்று திரும்பிவிட்டாவாம்.

அன்றைக்கே குஞ்சுகளை அள்ளி வெளியே வைத்திருப்பேன். சிபானா விடவில்லை. பாலர் பாடசாலையில் பிள்ளைகளை மேய்க்கிற அவளுக்கு, ஆந்தைக் குஞ்சும் பிள்ளைதான். பின்னேரமானால் கதிரையைப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று அவற்றோடு கதைப்பாள்.

"அது பறக்கிற வரைக்கும் ஆரும் கை வைக்கப்படாது உம்மா. வைச்சா நான் இந்த வீட்டுக்குள்ள கால் வைக்க மாட்டன்."

நாள் குறிக்க முன் வீட்டைப் பார்க்க அலீமா வருவதாகச் சொல்லியனுப்பினா. குஞ்சுகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. வெயில் தணிந்ததும் இரை கேட்டு "ஹ்ர்ர்ர்" என்று இழுக்கத் தொடங்கும். புரியாணியை ஒரு பிடி பிடித்துவிட்டு மல்லாந்து கிடக்கிற ஆம்பிளையின் குறட்டைதான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு அந்தப் புத்தி வந்தது. றவூப்பை உள்ளே படுக்க வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். காய்ச்சல்காரன் படுத்திருக்கிற அறைக்குள் எந்தச் சம்பந்தி எட்டிப் பார்க்கப்போகிறாள்? என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அலீமா வந்தா. உயரமான, வார்த்தையை அளந்து பேசுகிற மனுஷி. குசினியைப் பார்த்தா, கிணற்றை எட்டிப் பார்த்தா, ஹோலில் வந்து உட்கார்ந்தா.

"சம்மந்தி எங்க?"

"காய்ச்சல் ராத்தா. உள்ளுக்குப் படுத்திரிக்கார்."

சொல்லி வைத்ததுபோல அறைக்குள்ளிருந்து "ஹ்ர்ர்ர்" என்றது.

அலீமா கதவைப் பார்த்தா. "அஸருக்குப் பிறகுமா படுக்கிறார்?"

அதை நான் யோசிக்கவேயில்லை. பின்னேரம் அஸர் தொழுத பிறகு படுக்கிறவனைச் சோம்பேறி, முஸீபத்துப் பிடித்த பீடை என்றுதான் எங்கள் சனம் சொல்லும். அப்படி ஒரு மாமனாரைக் காட்டவா இத்தனை பாடுபட்டேன்?

"காய்ச்சல்காரருக்கு அஸர் என்ன, மஃரிப் என்ன ராத்தா" என்று சமாளித்தேன்.

உள்ளே இன்னொரு குஞ்சும் சேர்ந்துகொண்டது. இப்போது ஒரு பெரிய குறட்டை, ஒரு சின்னக் குறட்டை.

"ரெண்டு குரல் கேக்குதே?"

"மூக்கடைப்பு. ஒரு மூக்கு ஒரு மாதிரி, மத்த மூக்கு வேற மாதிரி."

அலீமா முன்னால் வைத்திருந்த வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி எடுத்தா. அந்தக் கரண்டி வாய்க்குப் போகவில்லை. முன்வாசலில், தலையில் தொப்பியும் இரண்டு கையிலும் சோடாப் போத்தலுமாக என் புருஷன் நின்றார்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக.

பள்ளிவாசலில் ஜமாஅத்துத் தொழுகை தப்பிவிடும் என்று ஜன்னலால் இறங்கிப் போயிருக்கிறார். போனவர் போன வழியால் வரவேண்டாமா? சொந்த வீடு என்ற நினைப்பில் முன்வாசலால் வந்துவிட்டார். உள்ளே குறட்டை நிற்கவேயில்லை.

நான் அடுத்த பொய்யைத் தேடிக்கொண்டிருக்கும்போது தேத்தண்ணித் தட்டோடு சிபானா வந்தாள். தட்டை வைத்தாள். நிறுத்தாமல் சொன்னாள்.

"மாமி, அது ஆந்தைக் குஞ்சு. வாப்பா இல்ல. அதுகள் பறக்கிற வரைக்கும் விரட்ட வேணாமெண்டு நான்தான் சொன்ன. உங்களுக்கு அது பிடிக்காதெண்டு உம்மா பயந்துட்டா. பொய் சொல்லி எனக்குக் கலியாணம் வேணாம்."

அந்த நேரம் அவளை அறைந்திருப்பேன். அடுத்த நொடியே கட்டிப்பிடித்தும் இருப்பேன்.

அலீமா எழுந்துபோய்க் கதவைத் திறந்தா. மேலே தாய் ஆந்தை இரண்டு செட்டையையும் விரித்துக் குஞ்சுகளை மறைத்துக்கொண்டு, தலையை அங்கும் இங்கும் ஆட்டிச் சீறியது. அலீமா அதைப் பார்த்தபடியே நின்றா. திரும்பியபோது முகத்தில் ஒன்றும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டா.

"சரி பளீலா. பிறகு கதைப்பம்."

எங்கள் ஊரில் "பிறகு கதைப்பம்" என்றால் என்ன அர்த்தமென்று எனக்குத் தெரியாதா? பிடிக்காத எத்தனை பேருக்கு நானே அதைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்! சிபானா அன்று சாப்பிடவில்லை. போன் அடித்தும் எடுக்கவில்லை. அப்படியே குப்புறப் படுத்துக் கிடந்தாள்.

மறுநாள் காலை அவள் பாடசாலைக்குப் போனதும் நான் ஏணியையும் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டேன். குஞ்சுகளைத் தோட்டத்துக் கொட்டிலில் விட்டுவிட்டு, வீடு துப்புரவாகிவிட்டது, வந்து பாருங்கள் என்று அலீமாவுக்குப் போன் எடுக்கலாம். மகள் என்மேல் கோபப்பட்டால் படட்டும். கட்டிக் கொடுத்த பிறகு ஆறுதலாகக் கோபப்படட்டும்.

"ஏறுங்க" என்றேன் றவூப்பிடம்.

"அது என்னப் பாக்குது பளீலா."

"நானும்தான் பாக்கிறன். அத விட எனக்குப் பயப்படுங்க."

அவர் பிஸ்மி சொல்லி ஏறினார். தாய் சீறியது. அவர் கால் ஆட, ஏணி ஆட, நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு ஏசினேன். சாக்கின் வாயை விரித்துக் கையை நீட்டப்போன நேரம், ஜன்னலுக்கு வெளியே முற்றத்தில் ஒரு ஓட்டோ வந்து நின்றது. முஹ்ஸின் ஓட்டி வந்திருந்தான். பின்னாலிருந்து அலீமா இறங்கினா. ஒரு கையில் வாழைப்பழச் சீப்பு, மற்றக் கையில் சீனிப் பை. அது நாள் குறிக்க வருகிறவர்கள் கொண்டுவருகிற சாமான். நான் வாய் பிளந்து நின்றேன்.

அலீமா ஜன்னலால் ஏணியைக் கண்டா, சாக்கைக் கண்டா. பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தா.

"இறங்குங்க! முதல்ல நீங்க கீழ இறங்குங்க!"

அந்தச் சத்தத்துக்கு றவூப் பாதி ஏணியிலிருந்தே குதித்துவிட்டார்.

"உங்களுக்காகத்தான் ராத்தா" என்றேன். "நீங்க ஆந்தை குந்தின காணியையே வேணாமெண்டு சொன்ன ஆளாமே."

"ஆர் சொன்ன? அந்தக் கிணத்துத் தண்ணி உப்பு. தேத்தண்ணி ஊத்தேலாது. அதாலதான் விட்டன்." மூச்சு வாங்கினா. "எங்கள மன்னார விட்டுப் போகச் சொன்ன அண்டைக்கு ஆந்தையும் கத்தல்ல, காகமும் கத்தல்ல. ஒரு குருவி வந்து ஒரு சொல்லுச் சொல்லல்ல. அண்டைக்கே எனக்குச் சகுனத்தில நம்பிக்கை விட்டுப்போச்சு."

"அப்ப நேத்து ஒண்டும் சொல்லாமப் போனீங்களே?"

"வாயத் திறந்தா அழுதிருப்பன். பொண்ணு பாக்கிற வீட்டுல அழலாமா?" என்றா அலீமா. "சண்டை முடிஞ்ச பிறகு எங்கட வீட்டப் பாக்க மன்னாருக்குப் போனன். கதவத் திறந்தது ஆரோ ஒரு பொம்பிள. அவளுக்கும் வேற போக்கிடம் இல்லையாம். கைக்குழந்தைய முந்தானையால மூடிக்கொண்டு என்னப் பாத்தாள். அந்த வீடு என்டதெண்டு காட்டுற உறுதிப் பத்திரம் என்ட பையிக்குள்ள இருந்தது. எழும்பிப் போ எண்டு சொல்ல வாய் வரல்ல. என்ட கிணத்துத் தண்ணிய அவளிட்ட வாங்கிக் குடிச்சுப்போட்டு வந்துட்டன்."

 மேலே குஞ்சு ஒன்று மெல்ல இழுத்தது.

அலீமா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையிலிருந்த ஏணியை விலக்கினா. "என்ட மகன் இந்த வீட்டுக்குக் குடிவருவான் பளீலா. ஆனா இருக்கிற ஆள எழுப்பிப்போட்டு வர மாட்டான். அதுகள் தானாப் போகட்டும். அதுக்குப் பிறகு நாள் வைப்பம்."

நான் வெட்கம் பார்க்காமல் அழுதேன். என்னை அழவைத்த மனுஷி என்று இந்த ஊரில் சொல்லிக்கொள்ள அலீமாவைத் தவிர வேறு ஆளில்லை. முஹ்ஸின் சிந்திய சீனியை அள்ளுகிற சாட்டில் குனிந்துகொண்டு போனில் யாருக்கோ குசுகுசுத்தான். அந்த யாரோ கொஞ்ச நேரத்தில் பாடசாலையிலிருந்து பர்தா பறக்க ஓடிவந்தாள்.

அதன் பிறகு அலீமாவின் போன் ஓயவில்லை. எங்கள் சுகத்தை விசாரிக்க முன் ஆந்தையின் சுகத்தைத்தான் விசாரிப்பா. ஏன் இன்னும் நாள் வைக்கவில்லை என்று ஆசியா உம்மா கேட்டதற்கு, "வீட்டுல இன்னும் ஆள் இரிக்கி" என்றார் றவூப். கிழவி அதை ஊர் முழுக்கக் கொண்டுபோய், கடைசியில் எங்கள் வீட்டில் வாடகைக்கு ஆள் இருப்பதாக ஆக்கிவிட்டா.

நோன்புக்கு முந்திய ஒரு பின்னேரம், கடைசிக் குஞ்சு மட்டும் ஜன்னல் கட்டில் வந்து நின்றது. மற்றவை தென்னைக்குப் போய்விட்டன. செய்தி கேட்டு அலீமாவும் முஹ்ஸினும் ஓட்டோவில் வந்திறங்கினார்கள். எல்லோரும் முற்றத்தில் நின்றோம். அது செட்டையை விரிக்கும், பிறகு மடக்கும். "போடா ராசா" என்றா அலீமா. திடீரென்று குதித்தது, நேரே வெங்காயப் பாத்திக்குள் விழுந்தது. சிபானா ஓடப் பார்த்தாள், முஹ்ஸின் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான். இன்னும் நிக்காஹ் ஆகவில்லை, நான் பார்க்காத மாதிரி இருந்துகொண்டேன். குஞ்சு எழும்பியது, தலையை உலுப்பியது, பிறகு சத்தமே இல்லாமல் எங்கள் தலைக்கு மேலால் வெள்ளையாகப் பறந்து தென்னையில் ஏறியது.

அலீமா வாயருகே கையை வைத்து நாக்கைச் சுழற்றிக் குரவை இட்டா. கலியாண வீட்டில் இடுகிற அதே குரவை. நானும் சேர்ந்து இட்டேன். பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் வேலியருகே ஓடிவந்து, மாப்பிள்ளை வந்துவிட்டாரா என்று கேட்டார்கள்.

"இல்ல" என்றா அலீமா, சிரிப்பும் கண்ணீருமாக. "வீட்டுக்காரர் சந்தோசமாப் போறார். இனி நாங்க வாறம்."