காவிப் பட்டை

தெருவுக்குள் புல்டோசர் நுழைந்த அன்று காலையில் சுடலைவடிவுக்குத் தன் மாவு மில்லைப் பற்றி ஒரு கவலையும் இல்லை. வீட்டின் முன்பக்கம் ஒன்பதடி போகும், போகட்டும். மில்லின் சிமெண்டு மேடை பத்தாவது அடியில்தான் தொடங்குகிறது. அரைக்க வருகிறவர்கள் இனி ரோட்டிலேயே நின்று வாளியை நீட்டுவார்கள், அவ்வளவுதான். மேடையில் கை வைத்தால்தான் பிழைப்பு போச்சு. பின்னால் இருப்பது ஒரு சமையல்கட்டு. மிஷினை அங்கே தூக்கி வைக்க இடமும் இல்லை, புதிதாக மின்சாரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க அவளுக்கு ஆயுசும் இல்லை.

தொண்ணூற்றாறு கார்த்திகையில் தெருவை அளந்தார்கள். பேட்டைப் பக்கமிருந்து வருகிற லாரிகளுக்கு அகலப்பாதை வேண்டுமாம். ஒவ்வொரு வீட்டின் பக்கச் சுவரிலும் சிவப்புப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்கள். கோட்டுக்கு முன்னால் இருப்பது ரோட்டுக்கு, பின்னால் இருப்பது வீட்டுக்காரருக்கு. ஊர் வளருது என்றார்கள். வளருகிற ஊர் என் வாசலில்தான் வந்து காலை நீட்டணுமா என்று சுடலைவடிவு கேட்டதற்கு, அளக்க வந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

பிறகு பொங்கல் வந்தது. இடிபடப் போகிற வீடு என்பதற்காகப் பொங்கலுக்கு வெள்ளையடிக்காமல் விட முடியுமா? சுண்ணாம்பைக் கரைத்து, கோடு போட்ட இடத்தையும் சேர்த்துத்தான் அடித்தாள். கோடு எங்கே என்று மனசில் இருக்கிறதே, சுவரில் வேறு எதற்கு? வருஷாவருஷம் போல, பக்கச் சுவரில் சந்துப்பக்க வாசலை ஒட்டி மேலிருந்து கீழாகக் காவிப் பட்டையும் இழுத்தாள். அப்படியும் சுண்ணாம்பு மிஞ்சியது. சந்துக்கு எதிர்ப்பக்கம் செந்தூர்பாண்டியின் வீடு. மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவன். அப்பன் போன பிறகு வீடு பூட்டியே கிடந்தது. நல்ல நாளும் அதுவுமாக அழுக்குச் சுவர் எதிரே நிற்க வேண்டாமென்று அதற்கும் வெள்ளையடித்தாள். தன் பட்டைக்கு நேராக அங்கேயும் ஒரு பட்டை இழுத்தாள். பார்க்க லட்சணமாக இருந்தது.

தை பாதியில், அவரவர் கோடு வரைக்கும் அவரவரே இடித்துக்கொண்டால் செங்கலும் கட்டையும் மிஞ்சும் என்று தண்டோரா போட்டார்கள். பாண்டி மலையிலிருந்து இறங்கி வந்து நாலே நாளில் இடித்து முடித்தான். மில் சத்தத்தில் சுடலைவடிவு அதைக் கவனிக்கவில்லை. பார்த்தபோது, தெரு அந்த இடத்தில் வளைவதால் அவனுக்குக் கொஞ்சம் கூடப் போயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

புல்டோசர் வந்த அன்று காலையில்கூட அவள் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு சொன்னான்: "ஒரு பெட்டிக்கடைய வச்சிட்டு இங்கனயே இருந்துரலாம்னு பாத்தேன்க்கா. இப்பம் மிச்சம் கெடக்கதுல கட்டில் போட்டாலே வழி அடைச்சிரும். இன்னும் மூணடி இருந்தா மலைய விட்டு எறங்கிருப்பேன்."

"என்னலே செய்ய, ரோட்டுக்குப் போனது போனதுதான்" என்று அவளும் உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

பத்து மணிக்குப் புல்டோசர் அவள் வாசலில் வந்து நின்றது. ஓவர்சியர் சந்துக்குள் வந்தார். காவிப் பட்டையைப் பார்த்தார். அதன் மேலேயே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, "இதுவரைக்கும் எடு" என்றார்.

சுடலைவடிவு குறுக்கே வந்து நின்றாள். "ஐயா, அது நான் பொங்கலுக்கு அடிச்ச பட்டைல்லா. உங்க கோடு மூணடிக்கு முன்னால இருக்கு. இதுவரைக்கும் எடுத்தா என் மில்லு போயிரும்."

"எங்க இருக்கு? காட்டுங்க."

"சுண்ணாம்புக்கு அடியில இருக்கு."

ஓவர்சியர் தினம் நூறு கதை கேட்கிறவர். தெருவின் எதிர்வரிசையை நேற்றே இடித்தாகிவிட்டது, அங்கிருந்து அளக்க அடையாளமில்லை. காகிதங்களை வைத்திருக்கும் சர்வேயர் தென்காசிக்குப் போயிருந்தார். "சந்துக்கு அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் ஒழுங்கா இடிச்சிருக்கார் பாருங்கம்மா. ரெண்டும் ஒரே நேர்."

பாண்டி முன்னால் வந்தான். "நான் பட்டையப் பாத்துத்தான் சார் இடிச்சேன். கோடு போடும்போது நான் மலைலல்லா இருந்தேன்."

சுடலைவடிவுக்கு அப்போதுதான் விளங்கியது. தெருவும் வளையவில்லை, ஒன்றும் வளையவில்லை. அவன் வீட்டில் கூடப் போன மூன்றடி அவள் கையால் இழுத்த பட்டைக்குப் போனது.

"டிரைவர் டீ குடிச்சிட்டு வரட்டும். அதுக்குள்ள காட்டுங்க" என்று ஓவர்சியர் நகர்ந்தார்.

அவள் நின்றாள். சுரண்டினால் மில் பிழைக்கும், பாண்டிக்கும் எல்லாம் தெரிந்துவிடும். சுரண்டாவிட்டால் அவனுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மில் இருக்காது. இடித்த சுவரா திரும்ப ஒட்டப் போகிறது என்று ஒரு மனசு சொன்னது. அப்படி நினைத்ததற்கே கூசியது.

"என்னக்கா நிக்கிய? தண்ணி எங்க?" பாண்டி அதற்குள் வாளியைத் தூக்கிவந்து சுவரில் விசிறி அடித்தான். மாவு வழிக்கிற தகட்டை எடுத்தான். அவள் காட்டிய இடத்தில் பரபரவென்று சுரண்டத் தொடங்கினான். தன் வீடுதான் போய்விட்டது, அக்காவின் மில்லாவது நிற்கட்டும் என்கிற வேகம் அது. சுடலைவடிவும் கரண்டியை எடுத்து அவன் பக்கத்தில் நின்று சுரண்டினாள். ஈரச் சுண்ணாம்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. டிரைவர் திரும்பி வந்து வண்டியைக் கிளப்பினான். இரும்புப் பல் மேலே எழுந்தது.

"சார், இந்தா இருக்கு" என்றான் பாண்டி.

அவன் தகட்டுக்கு அடியில்தான் சிவப்பு தெரிந்தது. இரண்டு விரல் அகலம், பெயிண்ட் மினுமினுப்புக் குறையாமல். ஓவர்சியர் நாடாவைப் பிடித்தார். ஒன்பதடி, அவள் மனசில் இருந்தபடி சுத்தமாக. சாக்பீஸ் கோட்டை அழித்துவிட்டு டிரைவருக்குக் கையைக் காட்டினார்.

பாண்டி சிரித்துக்கொண்டே அவள் பக்கம் திரும்பினான். பிறகு அவன் பார்வை அந்தக் கோட்டிலிருந்து காவிப் பட்டைக்குப் போனது. அங்கிருந்து சந்துக்கு அந்தப் பக்கம் தன் வீட்டுக்குப் போனது. சிரிப்பு பைய இறங்கியது.

முன்சுவர் விழுந்து புழுதி அடங்கியது. மில் மேடை ஒரு கீறல் இல்லாமல் நின்றது.

"எங்க செவுத்துல பட்டை அடிச்சது ஆருக்கா?"

கூலிக்கு வந்தவன் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனிவரைக்கும் வந்தது.

"நான்தான் பாண்டி."

அவன் தகட்டைக் கழுவி மேடை மேல் வைத்தான். "நல்லாருக்கட்டும்னுதான அடிச்சிய" என்றான். திட்டியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

"மலை பஸ்ஸு மூணு மணிக்கு" என்று சொல்லிவிட்டு, துணிமணியை எடுத்துவைக்கச் சந்துக்கு அந்தப் பக்கம் போனான்.