கம்பம் நின்ற கூலி

மார்கழி பிறந்திருந்தது. பெய்து ஓய்ந்த முகில்கள், ஈந்து களைத்த வள்ளல்களைப் போல வெளிறி மேற்கே ஒதுங்கின. வயலெங்கும் இன்னும் கதிர் ஈனாத குடலை நெற்பயிர் பனி சுமந்து நின்றது. குளக்கட்டின் மருதமரங்கள் ஈரம் சொட்டச் சொட்ட, நோன்பிருப்பார் போல மௌனம் காத்தன.

அம்மௌனத்தைக் கிளிநொச்சியிலே சிற்றம்பலத்தாரின் குரல் கலைத்தது.

சிற்றம்பலத்தார் வயல் செய்யும் கமக்காரர், ஊராரின் நெல்லைத் தம் வண்டிலிற் கூலிக்கு ஏற்றுபவர், கோயிலிற் புராணம் படிக்கையில் பயன் சொல்பவரும் அவரே. எந்த அருஞ்செய்யுளையும் பதம் பிரித்துப் பொருள் விரிக்க வல்லவர், மின்சாரப் பில்லின் ஒரு வரியிலே இடறி விழுந்தார்.

மகளின் பிள்ளைப்பேற்றுக்காக அவரும் மனைவி அன்னபாக்கியமும் ஒரு மாதம் சாவகச்சேரியில் இருந்தனர். வீட்டில் விளக்கே எரியவில்லை. ஆயினும், கம்பமும் கம்பியும் பேணி மின்சாரம் கொண்டுவருவதற்கென மூன்று ரூபா விதிக்கப்பட்டிருந்தது. அவர் கட்ட மறுத்தார். இன்று பிற்பகல் இணைப்பை வெட்ட, ஊழியர் செல்வநாயகம் ஏணியோடு வந்துவிட்டார்.

அன்னபாக்கியத்தின் கண்களிலே முதுமையின் புகை படர்ந்திருந்தது. மின்குமிழின் கீழ் மட்டுமே அவருக்கு எழுத்துத் தெரியும். மாலைதோறும் பதிகம் ஓதுவது அவ்வெளிச்சத்திலேதான்.

“எரிக்காத லைற்றுக்குக் காசோ, தம்பி?”

“அது லைற்றுக்கில்லை ஐயா, கொண்டு வாறதுக்கு.”

“என்னட்டை வண்டில் கிடக்குது. கரண்ட் செய்யிற இடத்தைக் காட்டும், நானே ஏத்திக்கொண்டு வாறன்.”

“எத்தினை சாக்குக் கொண்டு வருவியள்?”

“பகிடியை விடும்! கம்பம் என்ரை வளவிலை நிக்குது. அதுக்கு நில வாடகை ஆர் தாறது?”

“எழுதிப் போடுங்கோ ஐயா. பதில் வர உங்கடை பேரனுக்குக் கலியாணம் முடிஞ்சிடும்.”

செல்வநாயகம் ஏணியைக் கம்பத்திற் சாத்தினார். குசினிக்குள்ளிருந்து அன்னபாக்கியம் வெளியே வந்தார்.

“இஞ்சருங்கோ, போன போகம் அப்புத்துரையற்றை நெல் ஏத்தக் கண்டாவளைக்குப் போனியளெல்லே?”

“ஓம், போனனான்.”

“நெல்லுக் காயேல்லையெண்டு வெறும் வண்டிலாய்த் திரும்பி வந்தியள். கூலி வாங்கினியளோ?”

“வாங்காமல்? மாடு நடந்தது! சில்லுத் தேஞ்சது!”

“அப்ப, நாங்கள் இல்லாத மாசம் கம்பம் என்ன, படுத்தே கிடந்தது?”

பயன் சொல்பவர் கம்பத்தைப் பதம் பிரிப்பார் போல அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். செல்வநாயகம் சிரிப்பை அடக்க முகத்தை ஏணிப்புறம் திருப்பிக்கொண்டார். சிற்றம்பலத்தார் மனைவியிடம் திரும்பினார்.

“இவ்வளவு நாளும் இதை ஏனப்பா சொல்லேல்லை?”

“நீங்கள் கதைச்சு முடிக்கட்டும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்.”

சிற்றம்பலத்தார் அலுமாரியைத் திறந்து மூன்று ரூபாவை எடுத்து வந்து நீட்டினார். ஏணி இறங்கியது.

பொழுது சாய்ந்தது. அன்னபாக்கியம் கைகால் கழுவி, நீறணிந்து, சுவாமி விளக்கை ஏற்றினார். மின்குமிழின் கீழமர்ந்து எழுத்தெழுத்தாய் விரல் வைத்து ஒரு பதிகம் ஓதினார். தேநீருக்காக நிறுத்தப்பட்ட செல்வநாயகமும் வாசலிலே கைகூப்பி நின்றார். ஓதி முடித்ததும் அவர் நெற்றியிலே அன்னபாக்கியம் திருநீறு இட்டார்.

“மழையிலையும் காத்திலையும் கம்பத்திலை ஏறுற பிள்ளையள் எல்லாரும் ஒரு குறையுமில்லாமல் இருக்கோணும், தம்பி.”