ஒன்றரைக் கட்டை

இத்தனை வருடமாகக் கர்த்தரிடம் பொய் சொல்லி வந்திருக்கிறோம் என்பதை சுந்தர்ராஜ் சார் தமது ஐம்பத்தொன்றாம் வயதில், திருப்பதியில் ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறையில், எலுமிச்சை சாதம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கண்டுபிடித்தார். சாப்பாடு இறங்கவில்லை.

அங்கே அவர் கணக்கு வாத்தியார். வீடு சித்தூரில். ஞாயிற்றுக்கிழமைகளில் சித்தூரின் பழைய மிஷன் கோயில் ஒன்றில் கீபோர்டு வாசிப்பார். பொய் அந்தக் கீபோர்டில் இருந்தது.

விஷயம் இதுதான். சட்ஜமத்தில் தொடங்கிப் பஞ்சமம் பஞ்சமமாக ஏறிக்கொண்டே போனால், பன்னிரண்டாவது தாவலில் மறுபடி சட்ஜமத்தில் வந்து இறங்கவேண்டும். இறங்குவதில்லை. மயிரிழை மேலே போய் நிற்கிறது. எப்படிப் போட்டாலும் கணக்கு உதைக்கிறது. ஆகவே கீபோர்டு செய்கிறவர்கள் அந்த மிச்சத்தைப் பன்னிரண்டாகப் பிய்த்து, எல்லாக் கட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சம் பங்கு போட்டுவிடுகிறார்கள். எந்தச் சுருதியில் பாடினாலும் காது பொறுத்துக்கொள்ளும். எந்தச் சுருதியும் சுத்தமாக இருக்காது.

சார் இதையெல்லாம் சும்மா பொழுதுபோகாமல் தோண்டவில்லை. அவர் மனைவி லீனா பாடுவதை நிறுத்தி ஒரு வருடம் ஆகியிருந்தது. கழுத்தில் தைராய்டு கட்டியை எடுத்தார்கள். கட்டி போயிற்று, குரலும் கூடவே இறங்கிப்போயிற்று. ஐந்து கட்டை என்ற உயர்ந்த சுருதியில் கணீரென்று பாடி, பாடகர் குழுவையே தூக்கி நிறுத்திய லீனா, இப்போது பேசினால் தொலைபேசியில் எதிர்முனைக்காரர்கள் "சார்" என்றார்கள். கோயிலில் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவள் பாடாத வீட்டில் சாருக்கு இருக்கப் பிடிக்கவில்லை. ஆனால் அதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. கணக்கு வாத்தியார்கள் பலருக்கு உள்ள கோளாறு இது.

ஒருநாள் வற்புறுத்திக் கேட்டார்.

"உங்க பொட்டி கூடப் பாடினா எனக்கு எங்கியோ இடிக்குதுங்க. உட்டுடுங்க" என்றாள் லீனா.

விட்டுவிடு என்று ஒரு பெண் சொன்னால் விட்டுவிடலாம். சாரோ அவள் சொன்னதன் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார். பெட்டிதான் இடிக்கிறது! லீனாவின் குரலில் ஒன்றுமில்லை! தோண்டத் தொடங்கி, மேற்படி மயிரிழையில் வந்து முட்டிக்கொண்டார்.

எதிரே உட்கார்ந்து தயிர்சாதம் பிசைந்துகொண்டிருந்த வேங்கடாசலம், பௌதிகம் நடத்துபவர், வீட்டில் வயலின் வாசிப்பவர், முழுக்கதையையும் கேட்டார்.

"ஏமண்டி சார், எங்களுக்கு இந்தத் தொல்லையே இல்லையே. ஒரு சுருதிய வெச்சிக்கினு அதுலயே கச்சேரிய முடிச்சிடுவோம். சுத்தமா இருக்கும். நீங்க ஒரே சாமின்னு சொல்லிக்கினு பன்னெண்டு சுருதி வெச்சிக்கினு இருக்கீங்க. எங்களுக்கு சாமிங்க நெறைய, சுருதி ஒண்ணுதான்."

சார் அன்று மாலை சித்தூர் பஸ்ஸில் சந்திரகிரி தாண்டும்வரை இதற்குப் பதில் தேடினார். கிடைக்கவில்லை. சந்திரகிரிக்கு அப்புறம் பதில் தேவையில்லை என்று பட்டது. தாமும் ஒரே சுருதிக்கு மாறிவிட்டால் தீர்ந்தது.

சனிக்கிழமை கோயிலைத் திறக்கச் சொல்லி, கீபோர்டின் செட்டிங்குக்குள் புகுந்து, ஒவ்வொரு கட்டையாகப் பொய்யைக் களைந்தார். ஐந்து கட்டையை ஆதாரமாக வைத்து, மற்றதையெல்லாம் அதற்குச் சுத்தமான விகிதத்தில் நிறுத்தினார். வாசித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கியது. அப்படி ஒரு சுத்தம். ஆனால் மிச்சம் எங்கேயாவது போய்த்தானே ஆகவேண்டும்? ஐந்து கட்டைக்கு நேர் எதிர்முனையில், ஒன்றரைக் கட்டைப் பக்கம் போய் மொத்தமாகக் குவிந்திருந்தது. அங்கே கைவைத்தால் பஸ் ஸ்டாண்டு நாய் மாதிரி ஊளையிட்டது. அது ஆண்கள் பாடும் தாழ்ந்த சுருதி. அந்தக் கோயிலில் ஆண்கள் யாரும் பாட்டு எடுப்பதில்லை. ஆகவே பாதகமில்லை.

சுருதியை மாற்றித் தரும் பட்டன் ஒன்று அந்தக் கீபோர்டில் இருந்தது. சார் அதைத் தொட்டதே கிடையாது. கணக்கு தெரிந்தவன் கால்குலேட்டரைத் தொடுவதா என்ற வீம்பு.

இனி அந்தக் கோயிலின் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். அப்பமும் ரசமும் பகிரும் திருவிருந்து முடிந்ததும் போதகர் பாட்டு அறிவிக்கமாட்டார். பரிசுத்த ஆவியானவர் யாரை ஏவுகிறாரோ அவர் எழுந்து ஒரு கீர்த்தனையை எடுப்பார். எடுத்த சுருதியை யாரும் மாற்றக்கூடாது. சபையார் கூடப் பாடவேண்டும், கீபோர்டுக்காரர் ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் ஆவியானவர் வாராவாரம் ரிட்டையர்டு நர்ஸ் ஞானமணி அக்காவைத்தான் ஏவுவார். அவரும் ஐந்து கட்டையை ஒட்டித்தான் எடுப்பார்.

சார் ஆவியானவரை மட்டும் நம்பி இருக்கவில்லை. மறுநாள் ஆராதனைக்கு முன்பே போய் அக்காவைப் பார்த்தார்.

"அக்கா, இன்னிக்கு கரெக்டா அஞ்சு கட்டையிலயே எடுங்க. இம்மி கூட ஏறக்கூடாது, எறங்கக்கூடாது."

"நான் எதுல எடுக்கறேன்னு எனக்கு இன்னாப்பா தெரியும்? வாயத் தொறந்தா வருது" என்றார் அக்கா. ஆனாலும் முகத்தில் கவலை வந்து உட்கார்ந்துகொண்டது.

திருவிருந்து முடிந்தது. ஞானமணி அக்கா எழுந்தார். வாயைத் திறந்தார். மூடினார். தொண்டையைச் செருமினார். சாரைப் பார்த்தார். நாற்பது வருடமாக யோசிக்காமல் செய்த காரியத்தை முதல்முறையாக யோசித்துப் பார்த்தவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

போதகர் காலேப் கண்ணை மூடிக் காத்திருந்தார். யாரும் எழவில்லை.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு தடித்த குரல் ஒரு பழைய கீர்த்தனையை எடுத்தது. ஓரத்தில் கொஞ்சம் பிசிறடித்தது. ஆனாலும் நடுங்கவில்லை.

லீனா.

சாரின் கை பழக்கத்தில் ஓடிப்போய் அவள் சுருதியைப் பிடித்தது. ஒன்றரைக் கட்டை.

கீபோர்டு ஊளையிட்டது.

முன்வரிசைக் குழந்தை ஒன்று வீரிட்டு அழுதது. கூடப் பாட வாயெடுத்தவர்கள் அப்படியே நின்றார்கள். லீனாவின் குரல் தடுமாறி, வரியின் பாதியில் மெலிந்தது. அவள் சாரைப் பார்த்தாள். தன் குரல்தான் இதைச் செய்துவிட்டது என்று அவள் நினைத்துவிட்டாள். அது அவருக்குத் தெரிந்தது. இப்போது அவள் உட்கார்ந்தால் இனி எந்த ஜென்மத்திலும் எழமாட்டாள். அதுவும் தெரிந்தது. போன வருடத்து லீனாவுக்காக ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டிருக்கிறோம், இங்கே நிற்கிறவளை ஒரு தடவைகூடக் கேட்கவில்லை என்பது எல்லாவற்றுக்கும் கடைசியில் தெரிந்தது.

சார் கையை எடுத்தார். எழுந்து நின்று பாடினார்.

அந்தக் கோயிலில் அவர் பாடி யாரும் கேட்டதில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஸ்வரங்களுக்கு இடையே இருக்கும் தூரம் அவருக்கு தசம ஸ்தானம்வரை தெரியும். தொண்டைக்கு ஒன்றும் தெரியாது. பஞ்சமத்துக்குப் போகவேண்டிய இடத்தில் அவர் வேறெங்கோ போனார். எங்கே என்பதைக் காதால் துல்லியமாகக் கேட்டுக்கொண்டே போனார். வெட்கத்தில் காது சுட்டது. நிறுத்தவில்லை.

லீனா அடுத்த வரியை எடுத்தாள். பிறகு ஞானமணி அக்கா சேர்ந்தார். பிறகு ஆண்கள் பக்கம் முழுக்க, இத்தனை வருடமாக எட்டாத உயரத்தில் முனகிக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும், தங்களுக்கு வாகான சுருதி கிடைத்த சந்தோஷத்தில் கூரை அதிரப் பாடினார்கள்.

ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போகும்போது பின்னாலிருந்து லீனா பேசினாள்.

"ரெண்டாவது அடியில சுருதிய உட்டுட்டீங்க."

"எவ்ளோ?"

"உங்க கணக்குல எல்லாம் அடங்காது."

கொஞ்ச தூரம் போனபின் சார் சொன்னார்: "அடுத்த வாரத்துக்குள்ள பொட்டிய ஒண்ணரைக் கட்டைக்கு சுத்தமா மாத்திடறேன், லீனா."

"வேணாங்க. அடுத்த வாரம் எதுல வரும்னு எனக்கே தெரியல. தெனம் ஒரு மாதிரி வருது."

சார் வண்டியைத் திருப்பினார். கோயிலைப் பூட்டிக்கொண்டிருந்தவரைத் திறக்கச் சொல்லி, செருப்பை வாசலிலேயே விட்டு உள்ளே போய், கீபோர்டைப் பழையபடி எல்லாக் கட்டைக்கும் கொஞ்சம் கொஞ்சம் பொய் சொல்லும்படி வைத்தார். ரெண்டே பட்டன்தான். லீனா வாசலில் நின்று, என்ன சுருதி என்று தெரியாமல், எதையோ முனகிக்கொண்டிருந்தாள். எந்தக் கட்டை என்று சார் பார்க்கப்போகவில்லை.