கட்டுப்பெட்டியின் மகள்

1

இந்தக் கதை ஒரு கேள்வியிலிருந்து வந்தது. கேள்வி என்னுடையதல்ல. ஆரணியில் நான் குடியிருக்கும் மாடிவீட்டின் சொந்தக்காரி ஹேமலதா, துணி உலர்த்திக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, நீங்க எழுதறவங்களாச்சே. கட்டுப்பெட்டின்னா இன்னா அர்த்தம்?"

"யார் சொன்னது?"

"வேற யாரு? காவ்யாதான். தெனம் சொல்லிகினு இருக்கா."

சிரித்தாள். சென்னையில் வேலை பார்க்கும் இருபத்து நான்கு வயது மகள் தன்னைக் கேலி செய்வது அவளுக்குப் பெருமையாகவே இருந்தது. ஹேமலதாவுக்கு நாற்பத்தாறு வயது. பட்டுச்சேலைக் கடையில் விற்பனைக்கு நிற்கிறாள். காவ்யா பள்ளியில் படிக்கும்போதே கணவர் சரவணன் இறந்துவிட்டார்.

நான் முதலில் எழுதிய தொடக்கம் இது: 'ஆரணியில் ஒரு பழமையான தாயும் அவளுக்கு ஒரு புதுமையான மகளும்...'

வேண்டாம். அடுத்து நடந்ததை அறிந்த பிறகு இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குக் கை வரவில்லை.

2

(கதைக்கு இடையில் கொஞ்சம் சொல்லாராய்ச்சி. விருப்பமில்லாதவர்கள் தாண்டிப் போகலாம்.)

பத்தாம்பசலி: பசலி என்பது நவாபு காலத்து வரிக்கணக்கின் ஆண்டு, அதில் பத்தாவதிலேயே நின்றுபோனவர் என்பார்கள். பழம்பஞ்சாங்கம். சுத்தக் கர்நாடகம். இப்போது பூமர். எல்லாவற்றிலும் நரைத்த தலைதான் தெரிகிறது. கட்டுப்பெட்டி மட்டும் பெண்களுக்கென்றே ஒதுக்கியது. இருபத்து நான்கு வயதில் பழசாக இருப்பவர்களுக்கு ஒரு சொல் தேடினேன். கிடைக்கவில்லை.

3

திருமலை ஆரணிக்குப் பக்கத்துச் சேத்துப்பட்டில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். மனைவியை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. ஹேமலதா வீட்டுத் தண்ணீர் மோட்டார் எரிந்துபோனபோது வந்தார். சரிசெய்துவிட்டுப் போனவர், மறுவாரம் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று கேட்டுப் போன் செய்தார். அப்புறம், சாப்பிட்டீங்களா என்று கேட்டார். அவளை யாரும் அப்படிக் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

[இங்கே ஒரு காதல் காட்சி எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அந்தக் கோடையில் ஹேமலதா மாடிப்படி ஏறும்போது ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள்.]

4

காவ்யா விடுமுறையில் வந்திருந்தாள். மதியம் சாப்பாடு பரிமாறும்போது ஹேமலதா திருமலையைப் பற்றிச் சொல்லிவிட்டாள்.

"ஜோக் பண்ணாதம்மா."

"ஜோக் இல்ல காவ்யா. அவர் நல்லவரு."

"உனக்கு இன்னா வயசாவுது? இப்போ போய் கல்யாணம்னா அசிங்கமா இருக்காது? ஊர்ல இன்னா பேசுவாங்க?"

"ஊர் பேசினா பேசிட்டுப் போவட்டும்னு நீதான சொல்லுவ?"

"அது வேற, இது வேற."

ஹேமலதா ரசக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

5

இந்த இடத்தில் எனக்குக் காவ்யா மீது கோபம் வந்தது. கோபத்தில் எழுதிய பக்கத்தில் அவள் கதாபாத்திரமாக இல்லை, குற்றவாளியாக இருந்தாள். ஹேமலதா அதைப் படித்துவிட்டுச் சொன்னாள்: "அவ அழுதத நீங்க எழுதலியேக்கா."

அழுதிருக்கிறாள். ஹாலில் சின்ன விளக்கு எரியும் சரவணன் படத்தைக் காட்டி, "அப்பாவ எங்க வெப்ப?" என்று கேட்டிருக்கிறாள். பத்து வயதுப் பிள்ளையின் குரலில் கேட்டாளாம்.

"அதுக்கு நீ என்ன சொன்ன?"

"இங்கியேதான் இருப்பாருன்னேன். அவளுக்குக் கேக்கல."

6

முடிவுகள்.

அ) காவ்யா மனம் மாறி, அவளே தாலி எடுத்துக்கொடுக்கிறாள். (அழகாக இருக்கும். நடக்கவில்லை.)

ஆ) ஹேமலதா யாரையும் கேட்காமல் திருமலையோடு படவேடு கோயிலுக்குப் போய் மாலை மாற்றிக்கொள்கிறாள். (இதை எழுதும்போது நானே கைதட்டினேன். அவள் அப்படிப்பட்டவள் இல்லை.)

இ) நடந்தது. ஹேமலதா பஸ் ஏறிச் சேத்துப்பட்டுக்குப் போனாள். போனில் சொல்லியிருக்கலாம், அது மரியாதையில்லை என்று நினைத்தாள். திருமலை செப்புக்கம்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"பொண்ணு ஒத்துக்கலங்க."

அவர் கம்பியை விடாமல் பிடித்தபடியே இருந்தார். விட்டால் எல்லாம் அவிழ்ந்துவிடும்.

"நான் காத்துகினு இருக்கட்டுங்களா?"

"வேணாங்க."

"செரிங்க."

பக்கத்துக் கடையில் டீ வாங்கித் தந்தார். பஸ் நிறுத்தம்வரை கூடவே நடந்து வந்தார். ஜன்னலோரம் இடம் கிடைத்ததா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்பினார்.

7

அடுத்த வருஷம் காவ்யா தன்னோடு வேலை பார்க்கும் கிரணைக் காதலிப்பதாகச் சொன்னாள். வேறு சாதி, வேறு மொழி. "நல்ல பையனா?" என்று மட்டும் கேட்டாள் ஹேமலதா. சொந்தக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். தனி ஆளாக நின்று கல்யாணத்தை முடித்தாள். திருமலைக்குப் பத்திரிகை அனுப்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் கீழே ஹேமலதா வீட்டில் இருந்தபோது காவ்யாவின் போன் வந்தது. அம்மாவோடு பேசியவாறே ஸ்பீக்கரில் எனக்கும் வணக்கம் சொன்னாள். கிரண் ஊருக்குப் போய் நாலு நாள் ஆகிறது, வீடே வெறிச்சென்று இருக்கிறது, சாப்பிடக்கூடப் பிடிக்கவில்லை என்றாள். பிறகு திடீரென்று நிறுத்தினாள்.

"ம்மா... நீ எப்டிம்மா இத்தன வருஷம் தனியா இருந்த?"

ஹேமலதா என்னைப் பார்த்தாள். அப்புறம் போனைப் பார்த்தாள்.

"பழகிடுச்சு."

காவ்யா போனை வைக்கவில்லை. அவள் மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது.

அவளுடைய அடுத்த வரியை நான் எழுதப்போவதில்லை. நீங்களும் யாரோ ஒரு அம்மாவின் பிள்ளைதான். நீங்கள் சொல்லுங்கள்.