ட்வீட்டருக்குப் போடாத ரெசிஸ்டர்

இசக்கிமுத்துவுக்கு முருகேஷ் மேல் இருந்த கோபம் ஒரு வருடமாகியும் ஆறவில்லை. ஆற இசக்கிமுத்து விடவும் இல்லை.

போன ஆயுத பூஜைக்கு, மண்ணரையில் இருந்த தன் வாடகை அறையில் பலகை அறுத்து, ஊஃபரும் ட்வீட்டரும் பொறுக்கியெடுத்து, கனத்த சத்தத்தை ஊஃபருக்கும் கீச்சுச் சத்தத்தை ட்வீட்டருக்கும் பிரித்துவிடும் கிராஸ்ஓவரையும் தானே பற்றவைத்து ஒரு ஜோடி ஸ்பீக்கர் செய்தான். அதை விழாவுக்கு வண்டியில் ஏற்றிப்போன மைக்செட் முருகேஷ், தான் செய்தது என்று பனியன் கம்பெனி முதலாளி தனபாலிடம் கூசாமல் சொல்லிவிட்டான். மேடையில் பொன்னாடை அவனுக்கு. கீழே நின்ற இசக்கிமுத்துவைக் காட்டி, "வயர் புடிக்க வந்த பையன்தானுங்க" என்ற அறிமுகம் வேறு. பிறகு ஊரெல்லாம் முருகேஷ் சவுண்டு என்றுதான் பேச்சு. செய்தவன் பேரை ஒரு நாயும் சொல்லவில்லை.

இந்த வருடம் தனபால் பெரிய ஜோடி கேட்டிருந்தார். வெட்கம் கெட்ட முருகேஷ் மறுபடி வந்து நின்றான். பெட்டி தயார், ட்வீட்டரும் கிராஸ்ஓவரும் மட்டும் பார்த்துக் கொடு என்றான். இசக்கிமுத்து முகம் மாறாமல் சரியென்றான்.

முருகேஷ் வாலிபம் முழுக்க விசைத்தறிக் கொட்டகையில் நின்றவன். பேச்சு கேட்கும், மேளம் கேட்கும். கீச்சுச் சத்தத்தை மட்டும் தறி தின்றுவிட்டது. அது இசக்கிமுத்துவுக்குத் தெரியும். முருகேஷுக்கே தெரியாது.

கடையிலேயே அதிகம் கத்துகிற ட்வீட்டரை இசக்கிமுத்து அவனை வாங்க வைத்தான். அதை அடக்க கிராஸ்ஓவரில் ரெசிஸ்டர் வேண்டும். போடவில்லை. ஓட்டிக் காட்டியபோது இசக்கிமுத்துவுக்கே பல் கூசியது. முருகேஷ் தலையாட்டி ரசித்துவிட்டு, தேனாட்டம் இருக்குதப்பா என்றான்.

ஆயுத பூஜையன்று மெஷின்களெல்லாம் நின்று, சந்தனப் பொட்டோடு கம்பெனி அமைதியாக இருந்தது. தனபால் மைக்கைப் பிடித்து, சரஸ்வதி தாயே என்று தொடங்கினார். முதல் எழுத்தே ஊசியாய்க் காதில் இறங்கியது. பெண்கள் காதைப் பொத்தினார்கள், குழந்தைகள் வீறிட்டன. முருகேஷ் மட்டும் பொன்னாடைக்குத் தோளைத் தயாராக வைத்துக்கொண்டு சிரித்தபடி நின்றான். சத்தம் சரியில்லை என்று தனபால் சைகை காட்டியதும் கனத்த சத்தம் தரும் பாஸைக் குறைத்தான். கீச்சல் இன்னும் ஏறியது. இசக்கிமுத்துவுக்கு அது பாயசமாய் இனித்தது.

போதுமான அளவு இனித்த பிறகு எழுந்து போனான். பெட்டியின் முதுகைத் திறந்து, பாக்கெட்டில் தயாராக வைத்திருந்த ரெசிஸ்டர்களை மாட்டினான். அடுத்துப் பேசிய தனபாலின் குரல் வழுக்கிக்கொண்டு வந்தது. கூட்டம் மூச்சுவிட்டது.

"போன வருசத்துப் பெட்டியும் நாந்தான் செஞ்சேன், மொதலாளி" என்றான்.

முருகேஷ் பாய்ந்து வந்தான். "அவன் சொல்றதை நம்பாதீங்க. இப்ப என்ன பண்ணிக் கிழிச்சான்? அதை மாட்டுறதுக்கு முன்னாலயும் பின்னாலயும் ஒரே சத்தந்தானுங்களே?"

கூட்டம் ஒரு கணம் அவனைப் பார்த்தது. பிறகு சிரித்தது. தனபால் மட்டும் சிரிக்காமல், பொன்னாடையை இசக்கிமுத்துவின் தோளில் போட்டார்.

ஆட்கள் சாப்பிடப் போனதும் முருகேஷ் ட்வீட்டரில் காதை ஒட்டவைத்து நின்றான். அப்புறம் விரலை வைத்துப் பார்த்தான்.

"முத்து, இது ஓடுதா?"

"ஓடுது. ஒங்களுக்குக் கேக்காதுண்ணே. எனக்கு அது எப்பவோ தெரியும்."

பாவம் என்று உங்களுக்குத் தோன்றலாம். இசக்கிமுத்துவுக்குத் தோன்றவில்லை. "அந்த வயரைக் கொஞ்சம் புடிங்க" என்று ஒரு முனையை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.